இருபத்தெட்டாம் மாதம்

எங்கள் மேலாளருக்கு "முடியாது" என்று சொல்ல வராது. "பார்க்கலாம்" என்பார். சம்பள உயர்வு கேட்டால் பார்க்கலாம், ஏ.சி. ஒழுகுகிறது என்றால் பார்க்கலாம். கட்டடம் பற்றி எரிகிறது என்று போய் நின்றாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு "பார்க்கலாம்மா" என்றுதான் சொல்வார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பார்க்கலாம் சார். என் சிறுநீரகம் ஒன்றை அண்ணனுக்குக் கொடுக்கப் போகிறேன், இரண்டு மாதம் விடுமுறை வேண்டும் என்று நான் போய்க் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது.

"பார்க்கறதுக்கு என்ன சார் இருக்கு? டாக்டருங்க எல்லாத்தையும் பார்த்தாச்சு. பொருந்துதுன்னு சொல்லியாச்சு. தேதி வைக்கறது மட்டும்தான் பாக்கி."

"அதுக்கில்லம்மா. உங்க அண்ணன் நல்லா இருக்கணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா நீங்க இல்லாம நேம் சர்வரை யார் பார்க்கறது? ஒரு புள்ளி விட்டுப் போனா ஊரே நின்னுடும்னு நீங்கதானே சொல்வீங்க?"

சொன்னது உண்மைதான். என் வாயே எனக்கு எதிரி.

என் வேலையை அண்ணியிடம் இப்படித்தான் விளக்குவேன். மனிதர்களுக்குப் பெயர்தான் நினைவிருக்கும், கம்ப்யூட்டர்களுக்கு எண்தான் தெரியும். பஸ் முன்பதிவுக்காக ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறீர்கள் என்றால், அந்தப் பெயருக்கு எந்த எண் என்று யாராவது சொல்லியாக வேண்டும். அந்த யாராவதுதான் எங்கள் சர்வர்கள். கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள், கடைகள், பஸ் கம்பெனிகள் என்று பலருடைய பெயர்ப் பட்டியல்களை நாங்கள் வைத்திருக்கிறோம். பட்டியலில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் கல்லுக்குண்டு மாதிரி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உலகத்தில் ஒருவருக்கும் அங்கே போக வழி தெரியாது.

அந்தப் பட்டியல்களில் கை வைக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். மற்றவர்களுக்கு வேலை தெரியாது என்றில்லை. எல்லாரும் படித்தவர்கள்தான். ஆனால் இதில் இருக்கும் கண்ணிகள் எல்லாம் என் தலைக்குள் இருந்தன. முழுப் பெயரை எழுதினால் முடிவில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பெயர் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு சர்வர் அதன் வாலில் இன்னொரு முறை அதே பெயரை ஒட்டிவிடும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பட்டியலின் தலையில் இருக்கும் வரிசை எண்ணையும் மாற்ற வேண்டும். வேறு இடங்களில் உட்கார்ந்திருக்கும் துணை சர்வர்கள் அந்த எண்ணைத்தான் பார்க்கும். எண் பெரிதாகியிருந்தால் புதிய பிரதியை வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் பழசுதானே என்று சும்மா இருந்துவிடும். இப்படி எத்தனையோ. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வயிற்றில் புளியைக் கரைத்துக் கற்றுக்கொண்டது.

என் அண்ணன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவன். இந்த ஊரில் பாதிப் பேர் அவனைக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள் என்று அண்ணி சொல்வார். பக்கத்து சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, எதிரே லாரி வந்தாலும் குரலை உயர்த்தாமல் "மெதுவா பிரேக்" என்பான். அப்பேர்ப்பட்டவன் ஆபரேஷன் என்றால் மட்டும் பேச்சை மாற்றுவான்.

டயாலிசிஸ் அறையில் அவனுக்கு ஜன்னல் ஓரத்து நாற்காலி. பக்கத்தில் ஆள் உயர மிஷின் சுற்றிக்கொண்டிருக்கும், குழாய்களில் அவனுடைய ரத்தம் வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருக்கும். அந்தக் குழாய்களைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துப் பேசப் பழகியிருந்தேன்.

"உன் ஆபீஸ் உன்னை விடாதும்மா," என்பான். "நீ ஜுரத்துல படுத்தாலே போன் மேல போன் வருது. வயித்தைக் கிழிச்சுத் தையல் போட்டுக்கிட்டு, படுத்த வாக்குல கம்ப்யூட்டரைத் தட்டுவியா? முதல்ல அவங்க விடட்டும். அப்புறம் பேசலாம்."

"விடலைன்னா வேலையை விட்டுடறேன்."

"அப்போ நான் ஒத்துக்கவே மாட்டேன். என்னால உன் சோறு போச்சுன்னு ஆயுசுக்கும் நான் கேக்கணுமா?"

வெளியே தாழ்வாரத்தில் அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். "உங்கண்ணன் கடவுளைக் கும்பிடறாரோ இல்லையோ, உன் ஆபீஸைக் கும்பிடறார். அது உன்னை விடாத வரைக்கும் அவருக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்கு, புரியுதா? டாக்டர் நேத்து என்னைத் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு. கை நரம்பு இனிமே ரொம்ப நாள் தாங்காதாம். என் ரத்தம் பொருந்தியிருந்தா இவரை நான் கேட்டிருக்கவே மாட்டேன். கட்டித் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சிருப்பேன்."

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை, என் கையைத்தான் வலிக்கிற மாதிரி அழுத்தினார்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது முடிவு செய்துவிட்டேன். அலுவலகம் என்னை விடாததற்கு ஒரே காரணம், என் தலைக்குள் இருப்பது வேறெங்கும் இல்லை என்பதுதான். அப்படியானால் அதை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். இதில் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கல்லூரியில் வல்லுநர் அமைப்பு என்று ஒரு பாடம் இருந்தது. ஒரு துறையில் கை தேர்ந்தவர் எப்படி யோசிக்கிறாரோ அதை 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று விதி விதியாக எழுதிக் கம்ப்யூட்டருக்குள் வைப்பது. பிறகு அது ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, பதிலுக்கு ஏற்றபடி வழி சொல்லும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்த பாடம். அதைத் தூசி தட்டி எடுத்தேன்.

ஆனால் என் தலைக்குள் விதிகள் விதிகளாக இல்லை. கைதான் செய்துகொண்டிருந்தது. அதனால் நானே என்னை மடக்கிக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. ஒரு வரியை மாற்றுவேன், உடனே கையை எடுத்துவிட்டு, இதை ஏன் செய்தாய் என்று கேட்டுக்கொள்வேன். பதில் வரும் வரை அடுத்த வரியைத் தொட மாட்டேன். வீட்டிலும் இதே கதைதான். பாத்திரம் கழுவிக்கொண்டே முணுமுணுப்பேன். என் வீட்டுக்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "யாரோட சண்டை போடற? நான் இங்க ஹால்லதானே இருக்கேன்?" என்றார்.

ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அதை அழுத்தினால் காரணம் வரும். விதியை மீறித்தான் ஆக வேண்டும் என்றால் மீறலாம், ஆனால் மீறுகிறவர் தன் காரணத்தைத் தட்டினால்தான் கதவு திறக்கும். இந்த இரண்டையும் வைக்காமல் விட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். பரவாயில்லை என்று வைத்தேன்.

அலுவலகத்தில் அதற்கு ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள். மாமியார். கேட்ட கேள்வியையே விதவிதமாகக் கேட்டுக் குடைகிறதாம், பதில் சொன்னாலும் திருப்திப்படுவதில்லையாம். பெயர் வைத்தவன் என் பக்கத்து மேஜைக்காரன். அவனுக்கும் ஒரு பெயர் உண்டு, அவசரம். லிப்ட் வரும் வரை நிற்கப் பொறுக்காமல் படியேறிவிட்டு, மேலே வந்து மூச்சு வாங்குகிற ரகம். கெட்டிக்காரன். ஆனால் பாதி படித்துவிட்டு மீதியை ஊகித்துக்கொள்வான். எனக்குப் பிறகு பட்டியல்களைப் பார்த்துக்கொள்ள அவனை விட்டால் ஆளில்லை.

"என்னக்கா இது?" என்றான் முதல் நாள். "'முடிவில் புள்ளி வைத்தீர்களா?' வெச்சேன்னு சொன்னா, 'திரும்பப் பார்த்தீர்களா?'ங்குது. என் சொந்த மாமியாரே இவ்வளவு சந்தேகப்படலையே!"

"உன் மாமியாருக்கு உன்னைப் பத்தி அவ்வளவா தெரியாது. எனக்குத் தெரியும்."

"சரி, 'பழைய விடையை உலகம் எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்கும்?'னு ஒரு கேள்வி. உலகம் ஞாபகம் வெச்சா எனக்கென்ன?"

"ஏன்னு அழுத்திப் பாரேன்."

அழுத்தினான். ஒரு முறை விடை வாங்கிய கம்ப்யூட்டர்கள் அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு, திரும்பக் கேட்காமலே பயன்படுத்தும். இடம் மாறுவதற்கு முன்பே அந்த நேரத்தைக் குறைத்துவிட்டு, பழைய கெடு தீரும் வரை காத்திருக்காவிட்டால், மாறிய பிறகும் பாதிப் பேர் பழைய இடத்தில் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நான் எழுதியிருந்தது வந்தது. அவன் இரண்டு முறை படித்தான். குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. முகம் தொங்கிப்போயிற்று.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு வெறி. மாமியாரை எப்படியாவது ஒரு இடத்தில் மடக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் ஏன், ஏன், ஏன் என்று அழுத்திக்கொண்டே இருந்தான். கற்றுக்கொள்ள அல்ல, வம்புக்கு. காரணம் சரியாக இருந்தால் "ச்சே" என்பான். நாள் முழுக்க என் காதில் அந்த ச்சே விழுந்துகொண்டிருக்கும். இரண்டு முறை கத்தியும் பார்த்தேன். "நீங்கதானேக்கா பொத்தான் வெச்சீங்க" என்று பதில் வந்தது.

இதையெல்லாம் காட்டி மறுபடி விடுமுறை கேட்டேன். பார்க்கலாம் சார் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, என் அதிர்ஷ்டமோ என்னவோ, ஒரு நிபந்தனை சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் கம்பெனியின் முன்பதிவு சர்வர் வேறு கட்டடத்துக்குப் போகிறது. அவர்களுடைய பெயர்ப் பட்டியலும் அன்றைக்குத்தான் எங்கள் கைக்கு வருகிறது. அந்த மாற்றத்தை அவசரம் செய்ய வேண்டும், மாமியாரை வைத்துக்கொண்டு. நான் அறையில் இருக்கலாம். கையும் வைக்கக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது.

"ஒழுங்கா முடிஞ்சா லீவு. முடியலைன்னா நீங்க இருந்தே ஆகணும்மா. என்னைத் தப்பா எடுத்துக்கக் கூடாது."

"வாய் திறந்தா?"

"திறந்தா நீங்க செஞ்ச மாதிரிதானே?"

ஒத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகம் வெறிச்சோடிக் கிடந்தது. தரை துடைத்த ஈரம் காயாமல் மருந்து வாடை அடித்தது. அவசரம் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். பார்க்கலாம் சார் அவனுக்கு வலப்பக்கம், நான் இடப்பக்கம் சற்றுத் தள்ளி. கைகளை மடியில் கோத்துக்கொண்டேன். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் அண்ணன் தினம் தினம் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் அவன் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும்.

ஆரம்பம் நன்றாகப் போனது. உலகத்தின் ஞாபகத்தைப் பற்றி மாமியார் கேட்டது. வியாழக்கிழமையே பஸ் கம்பெனியின் ஆளை விட்டு அந்த நேரத்தைக் குறைக்க வைத்திருந்தான், கெடுவும் தீர்ந்திருந்தது. பழைய கட்டடத்தில் மிஷினை நிறுத்திவிட்டோம், புதிய இடத்தில் ஓடுகிறது என்று அங்கிருந்து போன் வந்தது. புதிய எண்ணைத் தட்டினான். புள்ளி வைத்தாயா என்றது, வைத்திருந்தான். திரும்பப் பார்த்தாயா என்றது, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பப் பார்த்தான்.

அடுத்து வரிசை எண்.

எங்கள் அலுவலகத்தில் வரிசை எண்ணாக அன்றைய தேதியைப் போடுவோம். முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள், கடைசியில் அன்றைக்கு எத்தனையாவது மாற்றம் என்று இரண்டு இலக்கம். தினமும் தேதி ஏறுவதால் எண்ணும் தானாகப் பெரிதாகிக்கொண்டே போகும். மாமியாருக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். 'வரிசை எண்ணை இன்றைய தேதிக்கு மாற்றவும்' என்று திரையில் வந்தது. அன்று மே மாதம் முப்பத்தொன்று.

பட்டியலில் ஏற்கெனவே இருந்த எண் என் கண்ணில் பட்டது. வருடத்துக்குப் பிறகு இருபத்தெட்டு, அதற்குப் பிறகு பூஜ்யம் ஐந்து.

பஸ் கம்பெனியின் ஆள் வியாழக்கிழமை, அதாவது இருபத்தெட்டாம் தேதி, மாற்றும்போது தேதியை நாம் காகிதத்தில் எழுதுகிற மாதிரி எழுதிவிட்டான். நாள் முதலில், மாதம் பிறகு. கம்ப்யூட்டருக்கு அது தேதி என்று தெரியாது, வெறும் எண். மாதம் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தெட்டு. அதற்குமுன் எங்கள் பூஜ்யம் ஐந்து எம்மாத்திரம்? அந்தப் பட்டியலின் துணை சர்வர்கள் எல்லாம் வியாழக்கிழமையே அந்தப் பெரிய எண்ணை வாங்கி வைத்திருக்கின்றன. இவன் இன்றைய தேதியைப் போட்டால், இது பழைய பிரதி என்று அவை திரும்பிக்கூடப் பார்க்காது. கேட்கிறவர்களில் ஒரு பகுதிக்குப் புதிய வழி, மற்றவர்களுக்கு நிறுத்தி வைத்த பழைய மிஷினுக்கு வழி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊருக்குத் திரும்ப வேண்டிய சனம் பஸ் நிலையத்தில் நின்று கத்தும். மாமியார் மட்டும் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும், ஏனென்றால் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். தேதி என்றால் நேற்றையதைவிடப் பெரிதாகத்தானே இருக்கும் என்று நினைத்து எழுதியது. எல்லாருமே எங்களைப் போலத்தான் தேதி போடுவார்கள் என்று நினைத்தது என் மடத்தனம்.

வாயைத் திறந்தால் அண்ணனுடைய தேதி போயிற்று. திறக்காவிட்டால் பஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. அண்ணியின் பிடி என் கையில் இன்னும் வலித்தது. பத்து பஸ் நின்றால் நிற்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பிறகு, இல்லை, சொல்லிவிடுகிறேன், வேறு வழியில் சண்டை போட்டு விடுமுறை வாங்குகிறேன் என்று வாயைத் திறந்தே விட்டேன்.

அதற்குள் அவன் 'ஏன்' பொத்தானை அழுத்தியிருந்தான். வம்புக்குத்தான்.

திரையில் வந்தது ஒரே வரி: 'இங்கே அதுதான் வழக்கம்.'

அவன் முதுகு நிமிர்ந்தது. பிறகு நாற்காலியோடு திரும்பி என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது!

"மாட்டினீங்களாக்கா! வழக்கம்னா அது ஒரு காரணமா? எங்க வீட்ல செருப்பை வாசல்ல விடறதுகூட வழக்கம்தான். ஏன்னு கேட்டா ஏதாவது சொல்லணும்ல?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பார்க்கலாம் சார் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா பேச மாட்டாங்க," என்று அவனே சொல்லிக்கொண்டு திரும்பினான். "சரி. எதுக்கு எண்ணை மாத்தறோம்? அதுக்கு மாமியார்லயே வேற ஒரு எடத்துல காரணம் படிச்சிருக்கேன். எண் பெருசானாதான் துணை சர்வர் புதுசை வாங்கும். அதான் காரணம். தேதி இல்ல, பெருசாகணும். அப்போ இப்ப இருக்கறது என்ன?"

விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக நகர்த்தினான். அவசரம் ஒரு எண்ணை அவ்வளவு நிதானமாகப் படித்து நான் பார்த்ததில்லை. விரல் இருபத்தெட்டில் நின்றது.

"சார், இந்த பஸ் கம்பெனில வருஷத்துக்கு எத்தனை மாசம்?"

"என்னப்பா உளர்ற?"

"இருபத்தெட்டாம் மாசம் போட்டிருக்காங்க சார். நாளையும் மாசத்தையும் மாத்திப் போட்டுட்டாங்க. மாமியார் பேச்சைக் கேட்டு இன்னைக்குத் தேதி போட்டா எண் சின்னதாயிடும். ஒரு துணை சர்வரும் எட்டிப் பார்க்காது. இருக்கற எண்ணோட ஒண்ணு கூட்டிப் போட்டாப் போதும்."

போட்டான். மாமியார் விடவில்லை. 'இது இன்றைய தேதி அல்ல' என்றது. மீறுவதற்குக் காரணம் கேட்டது. அவன் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு தட்டினான்: 'பழைய எண்ணில் நாளும் மாதமும் இடம் மாறியுள்ளன. புதிய எண் அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தேதியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.' கதவு திறந்தது. துணை சர்வர்கள் ஒவ்வொன்றாகப் புதிய பிரதியை வாங்கிக்கொண்டன. அவன் தன் போனில் பஸ் கம்பெனியின் தளத்தைத் திறந்தான். திறந்தது. சொந்தக் காசில் ஒரு சீட் பதிவு செய்து பார்த்துவிட்டு, பிறகுதான் ரத்து செய்தான்.

எனக்கு அழுகை வந்தது. இருமுவது போல அடக்கிக்கொண்டேன்.

பார்க்கலாம் சார் கண்ணாடியைக் கழற்றினார். ஐயோ என்றிருந்தது எனக்கு.

"நல்லா முடிஞ்சது. அதுல சந்தேகமில்ல," என்றார். "ஆனா பாருங்க, உங்க புரோகிராம் தப்பா சொல்லியிருக்கு. இன்னும் இது மாதிரி எத்தனை தப்பு உள்ள இருக்கோ! நீங்க கூட இருந்து திருத்தினாதான்... லீவு விஷயத்தைப் பார்க்கலாம்மா."

எழுந்துவிட்டேன். அதுவரை மூடி வைத்திருந்த வாய்.

"இல்ல சார், இனிமே பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நான் தப்பே பண்ணாத மெஷின் செஞ்சு தரேன்னு உங்ககிட்ட சொல்லலை. நானே தப்பு பண்றவதான், என் புத்திதான் அதுக்குள்ள இருக்கு. நான் இல்லாதப்போ தப்பைக் கண்டுபிடிக்க ஆள் வேணும்னீங்க. கண்டுபிடிச்சான். உங்க கண் முன்னாடி கண்டுபிடிச்சான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நீங்க போட்ட நிபந்தனை இது. நான் புதன்கிழமை ஆஸ்பத்திரில சேர்றேன். சரின்னு சொல்லி அனுப்பறதா இருந்தாலும் சேர்றேன், இல்லைன்னாலும் சேர்றேன். எனக்கு அண்ணன் ஒருத்தன்தான் சார் இருக்கான்."

குரல் கடைசியில் உடைந்துவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் பார்த்துக்கறேன் சார்," என்றான் அவசரம். அவன் சிரிக்கவில்லை. "அந்த விதியை இன்னைக்கே நான் திருத்திடறேன், காரணத்தோட. ஆனா எனக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. அக்காவோட உள்நுழையற அனுமதியை இப்பவே எடுத்துடணும்."

"என்னது?" என்றேன்.

"எடுக்கலைன்னா ஆஸ்பத்திரில மயக்கம் தெளிஞ்ச உடனே லேப்டாப்பைத் தொறப்பீங்க. நான் ஒண்ணு மாத்துவேன், நீங்க அங்கிருந்து ஒண்ணு மாத்துவீங்க. ரெண்டு பேர் கையும் ஒரே பட்டியல்ல இருந்தா வேலைக்கு ஆகாதுக்கா. நீங்களே விதி எழுதியிருக்கீங்க. காரணம்கூட நல்லாதான் எழுதியிருக்கீங்க."

அவனை ஓங்கி ஒரு அறை அறையலாமா என்று வந்தது. அத்தனை வருடம் நான் மட்டும் திறந்த கதவு. பார்க்கலாம் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டுகிறேனா என்று காத்திருக்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆட்டினேன்.

"சரி," என்றார் அவர். "எடுத்துடு."

சரி என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவசரம் நாலு தட்டுத் தட்டினான். என் பெயர் திரையிலிருந்து போயிற்று. வயிற்றுக்குள் ஏதோ காலியானது போலிருந்தது. அதே நேரம் தோள் இரண்டும் லேசாகிவிட்டன, இரண்டும் உண்மை.

அண்ணன் வீட்டுக்கு நேரே போனேன். சமையலறையில் அண்ணி அவனுக்கான தண்ணீரை அளந்து பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க அவ்வளவுதான் அவன் குடிக்கலாம். அவன் கூடத்தில் சோபாவில் சாய்ந்து, வீங்கிய கால்களை ஸ்டூல் மேல் வைத்திருந்தான். டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். நான் போய் டிவியை நிறுத்தினேன்.

"அண்ணா, புதன்கிழமை சேர்றோம். டாக்டர்கிட்ட பேசிட்டேன். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்."

"உன் ஆபீஸ்..."

"என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. இனிமே நானே நெனச்சாலும் உள்ள போக முடியாது."

"போன் வருமே?"

"வராது. என்னால ஒண்ணும் செய்ய முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் யார் கூப்பிடுவா?"

அவன் இன்னும் எதையோ தேடினான். கண் சுவரில் போயிற்று, ஜன்னலில் போயிற்று, நிறுத்திய டிவியில் போய் நின்றது. சமையலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றுவிட்டது.

"எனக்குப் பயமா இருக்கும்மா," என்றான். இத்தனை மாதத்தில் அவன் அதைச் சொன்னதே இல்லை. "நான் போனாப் பரவாயில்ல. உன்னையும் மேஜைல படுக்க வெச்சு, உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? அதை நெனச்சா எனக்குத் தூக்கம் வரலை. அதான் ஆபீஸ் ஆபீஸ்னு சொல்லிட்டிருந்தேன். அவங்க உன்னை விடவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருந்தேன்."

ஸ்டூலை நகர்த்திவிட்டு அவன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தேன். அவன் கால் ஜில்லென்றிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன். "பையை எடுத்து வை."